ரோகிணி அணைந்த ஊர்

முள்ளிக்கரையில் ரோகிணி நட்சத்திரம் அணைந்துபோனது ஒரு தை மாத வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கிற நேரத்தில். வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் மலர்க்கொடி வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்ததால்தான் அணைந்தது என்று முதலில் ஒரு பேச்சு இருந்தது. பேசியவர்கள் எல்லாரும் அந்தக் குழம்பில் ஆளுக்கொரு கிண்ணம் வாங்கிப் போனவர்கள் என்பதால் அந்தப் பேச்சு நிலைக்கவில்லை. பிறகுதான் ராக்குவின் பேர் வந்தது. எங்கள் ஊரில் எது கெட்டாலும் கொஞ்ச நேரம் அங்கிட்டும் இங்கிட்டும் சுற்றிவிட்டுக் கடைசியில் ராக்கு வீட்டு வாசலில்தான் வந்து படுக்கும், பழகின நாய் மாதிரி.

ராக்குவுக்குக் கொள்ளிக்கண் என்று ஊர் முடிவுகட்டியது அவள் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில். பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டியைத் தடவிக் கொடுத்து, "என்ன லட்சணமா இருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னாள். மறுநாள் கன்று செத்தது. மாட்டு டாக்டர் வயிற்றைக் கீறி, உள்ளே இருந்த பிளாஸ்டிக் பையை எடுத்து எல்லாரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். பார்த்தவர்கள், "பையை எல்லாக் கன்னுந்தான் திங்குது, இது மட்டும் ஏன் சாகணும்" என்றார்கள். அதற்கு டாக்டரிடம் பதில் இல்லை. எதற்கு டாக்டரிடம் பதில் இல்லையோ அதற்கு ராக்குதான் பதில் என்று அன்றைக்கு ஏற்பட்டது. பால் செம்போடு போகிறவள் அவளைக் கண்டால் முந்தானையால் செம்பை மூடினாள், பிள்ளைக்காரி பிள்ளையை அந்தப் பக்க இடுப்பிலிருந்து இந்தப் பக்க இடுப்புக்கு மாற்றினாள், கல்யாணவீட்டுக்காரர்கள் அவளுக்குச் சாப்பாட்டை வாளியில் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். புருஷன் மஞ்சள்காமாலையில் போன பிறகு கேட்கவே வேண்டாம்.

ராக்குவும் தரையைப் பார்த்தே நடக்கப் பழகிக்கொண்டாள். எதிரே வருவது யார் என்று காலை வைத்தே சொல்லிவிடுவாள். "சித்தப்பு, செருப்புல ஆணி வெளிய வருது, குத்திரப்போகுது" என்பாள் என்னிடம். என் செருப்பு தேய்ந்த வரலாறு முழுக்க அவளுக்குத் தெரியும், என் தலை நரைத்தது தெரியாது. அவள் கழுத்து நிமிர்வது ஒரே ஒரு நேரந்தான். பொழுது சாய்ந்து, ஆட்டைக் கட்டிவிட்டு, கொல்லையில் சும்மாடு மாதிரி துணியைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்து வானத்தைப் பார்ப்பாள். வானத்தில் யாருடைய கன்றும் இல்லை, யாருடைய பிள்ளையும் இல்லை, அங்கே பார்த்தால் ஏன் பார்த்தாய் என்று கேட்க ஆள் இல்லை. அவளுக்கென்று இந்த உலகத்தில் பார்ப்பதற்கு விட்டுவைத்திருந்தது அது ஒன்றுதான். நட்சத்திரம் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தெரியும். அவளுடைய சொந்த நட்சத்திரம் எது என்று மட்டும் தெரியாது. பெற்றவள் சொல்லாமலே போய்விட்டாள்.

அவள் கொல்லைக்கு வேலியை ஒட்டிய கொல்லை, அவளுக்குக் கொழுந்தன் முறையாகும் இருளாண்டியுடையது. இருளாண்டி சார்ஜாவில் கிரேன் ஓட்டியவன். ஊரே அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து, சாயங்காலமானால் வெள்ளி முளைப்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்துப் பார்த்து அவனுக்கு அது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. ஊருக்குத் திரும்பியபோது தங்கம் வரும் என்று நினைத்தோம். மூன்று கால் உள்ள ஒரு குழாய் வந்தது.

"இது என்ன மாப்ள, போர் போடுற சாமானா?" என்றேன்.

"டெலஸ்கோப்பு மாமா. கம்ப்யூட்டர் வெச்சது. பேரைச் சொன்னா அதுவே தேடிப் போய் நிக்கும்."

"எங்க வீட்டுக் கோழி ரெண்டு நாளாக் காணோம். தேடச் சொல்லேன்."

சிரிக்கவில்லை அவன். அந்தக் குழாய் விஷயத்தில் அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிலத்தைத் திமிசு போட்டுக் கெட்டியாக்கி, மூன்று காலையும் விரித்து வைத்து, நடுவில் இருந்த நீர்க்குமிழி வட்டத்துக்குள் வந்து நிற்கும்வரை ஒவ்வொரு காலாக ஏற்றி இறக்கினான். வடக்கு எது என்று பார்க்க அவன் தள்ளிப் போன நேரத்தில் அவன் பெண்டாட்டி மலர்க்கொடி தாம்பாளத்தோடு வந்துவிட்டாள். புது டிராக்டருக்கும், புது மோட்டாருக்கும், புதுத் தையல் மிஷினுக்கும் என்ன செய்வோமோ அதையேதான் அவளும் செய்தாள். மூன்று காலுக்கும் கீழே மூன்று எலுமிச்சம்பழம் வைத்தாள், கற்பூரம் காட்டினாள், குழாயின் நெற்றி எது என்று ஒரு கணம் யோசித்து, முன்னால் இருந்த பெரிய கண்ணாடியின் நட்டநடுவில் சந்தனத்தைக் குழைத்து வைத்து அதன்மேல் குங்குமமும் இட்டாள்.

இருளாண்டி திரும்பிப் பார்த்தான். கத்தவில்லை. கட்டின பெண்டாட்டி பக்தியோடு செய்ததை என்ன சொல்ல முடியும்? எலுமிச்சம்பழங்களை எடுத்துவிட்டு மறுபடி குமிழியைச் சரி பார்த்தான். மெல்லிய துணியால் கண்ணாடியை ஒற்றி ஒற்றி எடுத்தான். ஆனாலும் சந்தனத்தின் வட்டம் மட்டும் லேசாக நின்றுவிட்டது, கடைசிவரை போகவேயில்லை.

பிறகு ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு பாடம் நடத்தினான். இந்த இடம், இந்தத் தேதி, இந்த நேரம் என்று கையிலிருந்த பொத்தான் பெட்டியில் அடித்தால், தான் எங்கே நிற்கிறோம் என்று மிஷினுக்குத் தெரியும். அதற்கப்புறம் பிரகாசமான நட்சத்திரம் இரண்டை நாம் காட்டிக்கொடுத்தால் மிச்சத்தை அதுவே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஓடும்போது குழாயைப் பிடிக்கக் கூடாது, வயரில் கால் படக் கூடாது. பகலில் முன்மூடி இல்லாமல் இருக்கவே கூடாது. பெரிய குழாயின் முதுகில் சவாரி செய்கிற சின்னக் குழாய்க்கும் மூடி உண்டு, அதையும் மறக்கக் கூடாது. சூரியனைப் பார்ப்பதானால் வெள்ளி மாதிரிப் பளபளக்கிற இந்தத் தகட்டை முன்னால் மாட்டித்தான் பார்க்க வேண்டும். சூரியன் இருக்கும் பக்கம் கண்ணை வைத்துத் தேடவும் கூடாது. குழாயின் நிழல் தரையில் நீளமாக விழும், அது சுருங்கிச் சுருங்கி வட்டமாக ஆனால் சூரியன் நேராக வந்துவிட்டான் என்று அர்த்தம்.

"தகடு போடாம பாத்தா?" என்றார் சோலைமலை. அவர்தான் பஞ்சாயத்துத் தலைவர். ஊரில் தண்ணீர் இருந்த கடைசி போர் அவருடையது, மிளகாய் மண்டியும் அவருடையது.

"கண்ணு போயிரும். வலிக்கக்கூடச் செய்யாது. பொசுங்குறது தெரியாமயே பொசுங்கும்."

அந்தத் தகட்டை ஆளாளுக்கு வாங்கி முகம் பார்த்தார்கள். லாரி முன்னால் கட்டுவார்களே, புதுவீட்டு வாசலில் மாட்டுவார்களே, அந்தத் திருஷ்டிக் கண்ணாடி மாதிரியே இருந்தது. தப்பு அங்கேதான் நடந்தது. தகடு நம் கண்ணைச் சூரியனிடமிருந்து காப்பாற்றும் என்று அவன் சொன்னான். சூரியனை நம் கண்ணிடமிருந்து காப்பாற்றும் என்று ஊர் கேட்டுக்கொண்டது. அவனவன் வீட்டு வாசலில் தொங்குவதை வைத்துத்தானே அவனவனுக்குப் புரியும்.

அன்றைக்கு அகத்தியர் நட்சத்திரத்தையும் ரோகிணியையும் மிஷினுக்குக் காட்டிக்கொடுத்தான். மிஷின் முனகிக்கொண்டே திரும்பி, கீச்சென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. நாங்கள் வரிசையில் நின்று ரோகிணியைப் பார்த்தோம். எல்லாரும் பார்த்து முடித்ததும் இருளாண்டி வேலிப்பக்கம் குரல் கொடுத்தான்: "மதினி, வாங்க. நீங்க பாக்கலையே."

"வேணாங்க, புதுச் சாமான்" என்று மலர்க்கொடி அவன் காதைக் கடித்தது எனக்கே கேட்டது, ராக்குவுக்குக் கேட்காமலா இருக்கும். ஆனாலும் வந்தாள். முள்படலை ஒதுக்கிக்கொண்டு, எங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டே வந்து, குனிந்து கண்ணை வைத்தாள். ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவேயில்லை. அழகாயிருக்கிறது என்று சொல்லாமலிருக்க அவள் எப்போதோ கற்றுக்கொண்டிருந்தாள். "செவப்பா இருக்குல்ல" என்று மட்டும் சொன்னாள்.

சொல்லி வாயை மூடவில்லை, ரோகிணி அணைந்தது. அடுப்பிலிருந்து இழுத்துப் போட்ட கங்கில் யாரோ கையளவு தண்ணீர் தெளித்த மாதிரி ஒரு தரம் கறுத்து, மினுங்கி, போய்விட்டது. குழாயிலும் இல்லை, வானத்திலும் இல்லை. இருளாண்டி பொத்தானை அடித்தான். மிஷின் சுற்றிப் போய்ச் சரியான இடத்திலேயே நின்று, கீச்சென்று சொல்லி, இல்லாததைக் காட்டியது.

சென்னையில் இருக்கிற கூட்டாளிக்கு அவன் அப்போதே போன் போட்டான். "அங்க ரோகிணி இருக்கா, மேல பாருடா."

"இங்க எப்பவும் ஒண்ணும் தெரியாதே" என்றான் கூட்டாளி.

பேப்பரிலும் வரவில்லை, டிவியிலும் வரவில்லை. தெருவிளக்கு எரிகிற ஊர்களில் எவன் அண்ணாந்து பார்க்கிறான்? உலகம் முழுவதற்கும் ஒரு நட்சத்திரம் போய், அதற்குத் துக்கம் கேட்டது நாங்கள் மட்டும்தான்.

ஊர் அதைப் பழகிக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். கோவிலில் அர்ச்சனைக்குத் தட்டை நீட்டினால் பூசாரி, "பேர், நட்சத்திரம்?" என்பார், ரோகிணிக்காரன், "ரோகிணி... இருந்துச்சு" என்பான். மிருகசீரிடத்தில் சேர்ந்துகொள்ளலாம் என்று பூசாரி ஓர் ஏற்பாடு செய்தார், ரேஷன் கடை மூடினால் பக்கத்துக் கடைக்கு அட்டையை மாற்றுவது போல. ரோகிணிப் பெண்களுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தங்கள் இரண்டு தட்டிப்போயின. மாப்பிள்ளை வீட்டார், "அணைஞ்ச நட்சத்திரத்துல விளக்கேத்த முடியுமா" என்றார்கள். மாசியில் திருவாதிரை போனது. பங்குனியில் அருந்ததி போனது, அதனால் பெரிய நஷ்டமில்லை, முகூர்த்தம் பகலில்தானே, வெயிலில் விரலை நீட்டி, "தெரியுதா?" என்றால் "தெரியுது" என்று தலையாட்டுகிற பெண்கள் எப்போதும் போலத் தலையாட்டினார்கள். அகத்தியர் போனபோதுதான் ஊர் கூடியது.

ரோகிணிக்கு அப்புறம் ராக்கு அந்தக் குழாய்ப்பக்கமே வரவில்லை. தினமும் சாயங்காலம் குழாயைச் சுற்றி நின்றது நாங்கள்தான். ஆனால் ராக்கு தன் கொல்லையில் படுத்தபடி வெறுங்கண்ணால் பார்த்தாள் அல்லவா? அது போதுமாயிருந்தது. சோலைமலை ஆள்விட்டுப் பனையோலையும் கீற்றும் கொண்டுவந்து இறக்கினார். அவள் வீட்டுக் கொல்லை முழுக்க, ஆட்டுக்கொட்டம் வரைக்கும், ஓர் இடம் விடாமல் பந்தல் போட்டு மூடினோம். நானும் ஒரு பக்கம் கயிறு பிடித்தேன். வேலை நடக்கும்போது ராக்கு கீழே உதிர்ந்த ஓலைத் துண்டுகளைக் கூட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தாள். கடைசிக் கீற்று விழுந்தபோது, "சித்தப்பு, ஆட்டுக்குக் காத்துவேணும், அந்த ஓரத்துல மட்டும் கொஞ்சம் விடச் சொல்லுங்க" என்றாள். ஆட்டுக்குக் காற்றுப்பக்கம் விட்டோம், வானத்துப்பக்கம் விடவில்லை.

"பாவம்டா, உங்களுக்கெல்லாம் மனசு இருக்கா?" என்று இருளாண்டி வேலியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"நீ கொண்டாந்த சாமானாலதான் இம்புட்டும்" என்றார் சோலைமலை. மலர்க்கொடி அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். சித்திரை நட்சத்திரம் சித்திரை மாதத்திலேயே அணைந்தபோது, கீற்று இடுக்கு வழியாகப் பார்க்கிறாள் என்று ஊர் சொன்னது.

அந்தக் கோடையை வெயில் என்று சொல்லக் கூடாது. கண்மாயில் வெடித்த வெடிப்பில் ஆட்டுக்குட்டி விழுந்து கத்தியது, கருவேலமரமே இலையை உதிர்த்தது, சோலைமலையின் போரும் முதலில் காற்றையும் பிறகு மண்ணையும் துப்பிவிட்டு ஓய்ந்தது. தண்ணீர் வண்டி வரும் என்று ரோட்டில் குடங்கள் வரிசையில் நின்றன. வரிசையில் நின்றது குடங்கள்தான், மனிதர்கள் நிழலில் கிடந்தார்கள். அப்படிக் கிடந்த ஒரு மத்தியானத்தில்தான் யாரோ, யார் என்று இன்றைக்கு ஒருவரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள், அந்தப் பேச்சை எடுத்தார்கள்: "அம்புட்டு தூரத்துல இருக்கிற நச்சத்திரத்தையே அணைச்சவ, வெயிலைக் கொஞ்சம் கொறைக்க மாட்டாளா?"

கேட்டதும் எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிட்டோம்.

"முழுசா அணைச்சிரக் கூடாதுப்பா, வத்தல் இன்னும் களத்துல கெடக்கு" என்றார் சோலைமலை.

"எனக்குச் சூளைக்குக் கல்லு காயணும்" என்றான் செங்கல் அறுக்கிற வேலு.

"அப்ப ஓரக்கண்ணால பாக்கட்டும்."

"கொழாய்ல ஓரக்கண்ணு ஏதுய்யா? ஒத்தைக் கண்ணுதான்."

"சரி, ஒத்தைக் கண்ணால, சட்டுன்னு பாத்துட்டு எடுத்துரட்டும். கால்வாசி கொறைஞ்சாப் போதும்."

இப்படி, சந்தையில் பூசணிக்காயைக் கீற்றுப் போடுகிற மாதிரி, சூரியனைக் கீற்றுப் போட்டோம். பிறகு எல்லாரும் எழுந்து ராக்கு வீட்டுக்குப் போனோம். அந்த வாசலில் அத்தனை கால்களை ஒன்றாக அவள் பார்த்ததே இல்லை. பயந்துபோய்ச் சுவரோடு ஒண்டினாள். சோலைமலை விஷயத்தைச் சொன்னார். ஊருக்காக ஒரு தரம், சூரியனை, தகடு இல்லாமல். தகடு போட்டால் அது பார்வையைத் திருப்பி அடித்துவிடும் என்பது அவருக்கு நிச்சயம்.

"கண்ணு போயிரும்னு எங்க கொழுந்தனார் சொன்னாரே" என்றாள் ராக்கு.

"அது நம்ம மாதிரி சாதாக் கண்ணுக்குத்தா. உனக்கு என்ன செய்யும்?"

ராக்கு கொல்லைப் பந்தல் பக்கம் கையைக் காட்டினாள். "பாத்தா, பந்தலைப் பிரிச்சிருவீங்களா?"

"பந்தலையா? அன்னைக்கே பிரிச்சிருவோம். இனிமே உன்னைய ஒரு சொல்லு யாரும் சொல்லப்படாது. கல்யாணங்காச்சிக்கு மொதப் பந்தியில நீ உக்காரு."

"பிள்ளைகளத் தூக்கலாமா?"

சோலைமலை திரும்பிப் பெண்களைப் பார்த்தார். பெண்கள் ரோட்டில் நின்ற குடங்களைப் பார்த்தார்கள். "தூக்கலாங்க்கா" என்று ஒருத்தி சொன்னாள்.

"மூஞ்சியப் பாத்துத் தூக்கலாமா?"

"பாத்தே தூக்கு."

இது காதில் விழுந்ததும் இருளாண்டி ஆடித்தீர்த்தான், ஊரையே ஆளாளுக்குக் கையெடுத்துக் கும்பிட்டான், ராக்குவிடம் போய், "மதினி, இவுங்க பேச்சக் கேக்காதீங்க, நீங்க ஒண்ணையும் அணைக்கல" என்றான். "அப்ப யாரு கொழுந்தனாரே அணைக்கிறா?" என்று அவள் கேட்டாள். அதற்கு அவனிடமும் பதில் இல்லை. மறுநாள் பரமக்குடிப் பக்கம் தாய்மாமன் செத்துப்போன சேதி வந்து, துட்டிக்குப் போயே தீரவேண்டியதாயிற்று. வெவரமானவன், அந்தப் பொத்தான் பெட்டியையும் வெள்ளித் தகட்டையும் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோனான். பெட்டி இல்லாவிட்டால் மிஷின் அசையாது என்று நினைத்தான். அந்தப் பெட்டியில் ஆயிரம் பேர்கள் உண்டு, சூரியன் பேர் மட்டும் கிடையாது, ஆபத்து என்று செய்தவனே ஒளித்துவைத்திருக்கிறான் என்று அவனே எங்களிடம் சொல்லியிருந்தான். ஆனால் பூட்டுத் திருகைத் தளர்த்திவிட்டால் குழாய் கையாலேயே திரும்பும் என்பதையும் அவன்தான் சொல்லியிருந்தான். நிழல் கதையையும் அவன்தான் சொல்லியிருந்தான். அவன் நடத்திய பாடத்தில் ஒன்றைத் தவிர எல்லாம் எங்களுக்கு ஞாபகம் இருந்தது.

மலர்க்கொடி கொல்லைக் கதவைத் திறந்துவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். மிஷின் கொண்டுவந்தது அவள் புருஷன் என்று ஊர் முணுமுணுக்க ஆரம்பித்திருந்தது, வந்த பழி ராக்குவோடு போகட்டும் என்று நினைத்திருப்பாள்.

உச்சிவெயில். சோலைமலை முன்மூடியை எடுத்தார், சின்னக் குழாயின் மூடியையும் எடுத்தார், குழாயைப் பிடித்து மெல்ல நிமிர்த்தினார். தரையில் கிடந்த நிழல் பாம்பு மாதிரி நீண்டிருந்தது. சுருங்கிச் சுருங்கி ஆமை ஆயிற்று, ஆமை தோசைக்கல் ஆயிற்று. அவர் நெஞ்சுப்பக்கம் சட்டையில் ஒரு புள்ளி கறுத்து, புகைந்து, ஓட்டை விழுந்தது. சின்னக் குழாய் வழியே வந்த வெயில் அது. துள்ளிக்குதித்துத் தட்டிவிட்டுக்கொண்டார். "சக்தி வந்திருச்சுப்பா, வா ராக்கு" என்றார். சட்டையைப் பொசுக்கியது கண்ணை என்ன செய்யும் என்று அங்கே நின்றவர்களில் ஒருவருக்குமா தோன்றவில்லை? தோன்றியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை, அதிலிருந்து தெரியும்.

ராக்கு குளித்து, இருந்ததில் நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். "எந்தக் கண்ணு?" என்றாள்.

அதை யாரும் யோசித்திருக்கவில்லை. கன்றைப் பார்த்தது எந்தக் கண், ரோகிணியைப் பார்த்தது எந்தக் கண், யாருக்குத் தெரியும்? "சோத்தாங்கைப் பக்கமே வையி" என்றார் சோலைமலை.

வலது கண்ணை வைத்தாள். அவள் கத்துவாள் என்று காத்திருந்தோம், கத்தவில்லை. "ஒண்ணும் இல்ல, வெள்ளையா இருக்கு" என்றாள். கண்ணை எடுத்தபோது, வருஷக்கணக்காக எங்கள் ஊர்ப்பக்கம் எட்டிப்பார்க்காத ஒரு மேகம், முறத்தளவுகூட இராது, எங்கிருந்தோ வந்து சூரியனுக்குக் குறுக்கே நின்றது. கொல்லை முழுக்க ஒரு நிழல் விழுந்து, எல்லார் கழுத்திலும் ஜில்லென்றது. "கொறையுது, கொறையுது" என்று கூட்டம் முழுக்க ஒரே குரலாய்ச் சொன்னது. பெண்கள் குலவை போட்டார்கள். மேகம் நகர்ந்தது, வெயில் முன்னைவிட உறைப்பாய் அடித்தது.

"பத்தல. இன்னொரு கண்ணையும் வையித்தா."

"இந்தக் கண்ணுல பச்சையா ஒரு காசு நிக்குது" என்றாள் ராக்கு, இமையை மூடித் திறந்து பார்த்தபடி. "நகர மாட்டேங்குது."

"திருஷ்டி கழியுது."

அப்போது அவள் தலையை நிமிர்த்தினாள். வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து முதல் தரமாக எங்களை ஒவ்வொருவராக, முகத்தை, மிச்சமிருந்த இடது கண்ணால் பார்த்தாள். ஒருவரும் முந்தானையை இழுத்து மூடவில்லை, பிள்ளையை மாற்றவில்லை. என்னிடம் வந்தபோது, "சித்தப்பு, இம்புட்டு நரைச்சுப் போயிருச்சா" என்றாள். பிறகு குனிந்து, இடது கண்ணை வைத்தாள். சீக்கிரம் எடு என்று யாரும் சொல்லவில்லை. மேகத்துக்காகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சூரியன் அணையவில்லை, குறையவுமில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர், "வலிச்சுதாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றாள். கண்ணுக்குப் பின்னால் பொசுங்கிவிட்டது, அங்கே வலி தெரியாது என்று அவர் சொன்னார். துட்டியிலிருந்து வந்த இருளாண்டி கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு குழாயை உடைக்கப் போனான். "அது என்ன செஞ்சுச்சு, விடுங்க" என்று ராக்குதான் தடுத்தாள், சத்தத்தை வைத்து.

ஊர் சொன்ன வாக்கைக் காப்பாற்றியது, அதில் குறை இல்லை. பந்தலைப் பிரித்தோம். அவளைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய் முதல் பந்தியில் உட்காரவைத்தோம். பெண்கள் அவளைத் தேடிப்போய்ப் பிள்ளைகளை மடியில் போட்டார்கள், அவள் விரலால் மூக்கையும் காதையும் தடவித் தடவி, "இது யாரு சாடை?" என்று கேட்டாள். கொள்ளிக்கண் தொலைந்தது என்று ஊர் நிம்மதியாய்த் தூங்கியது.

ஆடியில் ஒரு பொழுதுசாய்ந்த நேரம் இருளாண்டி தானே வீடுவீடாய் வந்து கூப்பிட்டான். "வாங்க, இப்பத்தான் பயம் போயிருச்சுல்ல, வந்து பாருங்க." கேட்டை நட்சத்திரத்தை வைத்திருந்தான், தெற்கே, நல்ல சிவப்பாக, ரோகிணியின் உடன்பிறந்தாள் மாதிரி இருந்தது. வரிசையில் நின்று ஒருத்தர் விடாமல் பார்த்தோம். "என்னா அழகு" என்றார் சோலைமலை. "நம்ம ஊருக்குன்னே வெச்ச மாதிரி இருக்கு" என்றான் வேலு. நானும் ஏதோ சொன்னேன். ராக்கு வேலிக்கு அந்தப்பக்கம் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் எங்கள் பக்கம்கூட இல்லை.

கேட்டை அணைந்தது. ஒரு தரம் கறுத்து, மினுங்கி, போய்விட்டது.

இருளாண்டி கோபப்படவில்லை. முன்மூடியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தான். "அடுத்தது யாரு பாக்கணும்?" என்றான்.

பிறகு ஒவ்வொருவராக, வந்த வழியே, தரையைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அன்றைக்குத் தரையைப் பார்க்க ஆரம்பித்ததுதான். இப்போது முள்ளிக்கரைக்கு வந்தீர்களானால் பார்க்கலாம், ஊரே குனிந்து நடக்கும். பால் செம்புக்காரி தன் செம்பைத் தன்னிடமிருந்தே மூடிக்கொண்டு போவாள், பெற்றவள் பிள்ளையின் முகத்தைப் பாராமல் முத்தம் கொடுப்பாள், கால்களை வைத்து ஒருவரை ஒருவர் அடையாளம் சொல்லப் பழகிவிட்டோம். தலையை நிமிர்த்தி நடக்கிறவள் ராக்கு ஒருத்திதான்.

அதற்கப்புறமும் எத்தனை போயின என்று தெரியாது. யாரும் மேலே பார்க்கவில்லையே. ராக்கு மட்டும் சாயங்காலமானால் பழைய இடத்தில் துணியைச் சுருட்டி வைத்துப் படுத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவாள். பொய் சொல்லுவதில் எனக்கு ஊருக்குள் ஒரு பேர் உண்டு. அந்தப் பேரால்தான் கூப்பிட்டாளோ என்னவோ.

"சித்தப்பு, அகத்தியர் வந்துட்டாரா?"

"வந்துட்டாருத்தா. தெக்க, பனை உசரத்துல."

"ரோகிணி?"

"அதுக்கென்ன, ஜெகஜோதியா இருக்கு. பக்கத்துல கார்த்திகைப் பொண்ணுக ஆறு பேரும் கொண்டை போட்டு நிக்கிறாளுக."

"திருவாதிரை?"

"இப்பத்தான் கெழக்க கண்ணத் தொறக்குது."

இப்படி ஒரு மாரிக்காலம் முழுக்க, நட்சத்திரம் நட்சத்திரமாக ஒரு வானத்தையே கட்டி அவளுக்குக் கொடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டு, உம் கொட்டி, ஒரு நாள் அவள் சொன்னாள்: "நீங்க சொல்றது பொய்யின்னு தெரியும் சித்தப்பு. சொல்லுங்க, வேணாங்கல. ஆனா சொல்றப்ப மேல பாத்துச் சொல்லுங்க. குனிஞ்சுக்கிட்டுப் பேசுறது குரல்ல கேக்குது."

எனக்குக் கழுத்து வலித்தது. கேட்டை போன ஆடிக்கு அப்புறம் தூக்காத தலை. மெல்லத் தூக்கினேன்.

கரிச்சட்டியைக் கவிழ்த்த மாதிரி இருந்தது வானம். அதில் ஒன்றே ஒன்று நின்றது. எது, எந்தப் பக்கம் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்; நீங்களும் மனிதர்கள்தானே. என்ன லட்சணமாக இருந்தது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, பார்வை அதன்மேல் படிவதற்குள், இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டேன்.

"இருக்குத்தா" என்றேன், அண்ணாந்தபடி.

ராக்கு சிரித்தாள். "இது பொய் மாதிரி இல்லையே" என்றாள்.